மிளகாய் காயும் பேனர்

கடற்கரை வீட்டிலிருந்து பாட்டி ஒக்புன், சியோல் நகரத்தில் இருக்கும் என் பேரன் ஹன்சோலுக்கு ஆசியோடு எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்த வருடம் வலையில் நெத்திலி நன்றாகப் பட்டது.

முதலில் வீட்டுப் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. உன் பெரியப்பா மகள் மிரே, தேகு ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியாகிவிட்டாள். கோழியைப் பார்த்து அழுத பெண், இன்று அவள் வந்தால் டாக்டர்களே வழிவிடுகிறார்களாம். உன் பெரியம்மா சொன்னது. பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் போதும். அவள் தம்பி யுன்சொக்குக்கு பூசான் வங்கியில் பதவி உயர்வு. நம் குடும்பத்தில் கழுத்தில் டையோடு சோறு தின்கிற முதல் ஆள் அவன். பெரிய இடத்தில் பெண்ணும் பார்க்கிறார்கள். உன் அத்தை மகள் போரா மூன்றாம் தடவையில் டீச்சர் பரீட்சை பாஸ் பண்ணினாள். அவள் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நூல், பணம், பேனா எல்லாம் தட்டில் வைத்து நீட்டினோம், எதைப் பிடிக்கிறதோ அதுதானே பிள்ளையின் எதிர்காலம். அது நீதிபதியின் மரச் சுத்தியலைப் பிடித்தது. பிடித்த கையோடு உன் பெரியப்பா முழங்காலில் ஒன்று போட்டது. தீர்ப்பு சரிதான் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மிரேக்கும் யுன்சொக்குக்கும் போராவுக்கும் அவரவர் பாஸான வருடம் ஊர் வாசலில் பேனர் கட்டினோம். அடுத்தது உன்னுடையது. "ஒக்புன் அம்மாளின் பேரன் சோ ஹன்சோல், உல்சான் பெரிய கம்பெனிக்குத் தேர்வு! ஊருக்கே பெருமை!" என்று நீல எழுத்து. நம் வாலிபர் சங்கம்தான் கட்டியது. சங்கத்தில் சின்னவருக்கே அறுபது தாண்டிவிட்டதால், ஒருவர் ஏணியில் ஏற நான்கு பேர் கீழே நின்று திட்டினார்கள். உனக்கு அந்தக் கம்பெனியிலிருந்து சேதி வந்த அன்று சாயங்காலமே கட்டச் சொன்னது நான்தான். வேலையில் சேரட்டும், அப்புறம் கட்டலாம் என்று ஊர்த்தலைவர் பாக் சொன்னார். பாஸானவனுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இந்தக் கடிதம். நேராகச் சொல்கிறேன். நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பின்னால் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாமல் படி.

நடந்ததை நான் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறேன். பட்டாளத்திலிருந்து உன்னைப் பாதியில் அனுப்பினார்கள். மனசுக்கு முடியவில்லை என்று பட்டாளத்து டாக்டரே எழுதிக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து வைத்தியம் பார்க்கிறாய், மாத்திரை போடுகிறாய், அதனால் எழுந்து நடக்கிறாய், படித்தாய், பாஸும் பண்ணினாய். ஆனால் ஆண்பிள்ளை எல்லோரும் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதால், வேலைக்கு எழுதிப் போடும் எந்தத் தாளிலும் அதைக் கேட்கும் பட்டாளத்து வரி ஒன்று உண்டு. முழுசாக முடித்தாயா, இல்லையென்றால் ஏன். இந்த நாட்டில் பாதிப் பையன்களுக்கு அந்த ஒரு வரியில் மட்டும் இடுப்பு வலிக்கிறது. டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டு, வேலைக்குச் சேர்ந்ததும் மலை ஏறப் போகிறார்கள். நீ உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினாய்.

எல்லாம் பாஸான பிறகு அந்தக் கம்பெனி அம்மாள் உன்னைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, "உடம்பு சரியில்லைன்னு போட்டிருக்கீங்களே, என்னன்னு தயங்காம சொல்லுங்க தம்பி, நம்ம கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி" என்றாளாம். நீ சொன்னாய். "எவ்வளவு தைரியம் உங்களுக்கு" என்று கண் கலங்கினாளாம். அடுத்த வாரம் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டோம் என்று இரண்டு வரி வந்தது. அவர்கள் குறைத்தது உன் ஒருவனைத்தான்.

குடும்பம் மாதிரி என்று அவள் சொன்னது பொய்யில்லை. உன் பெரியப்பாவும் அப்படியே செய்தான்.

சேதி ஊரில் பரவ ஒரு வேளைதான் ஆனது. நெத்திலி உலர்த்தும் இடத்தில் சுன்ஜா கிழவி எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள். "என்னக்கா, உன் பேரன் பட்டாளத்துக்கும் ஆகல, கம்பெனிக்கும் ஆகலையாமே?" "ஆமாண்டி, உன் மகன் ரெண்டுக்கும் ஆனான், உனக்குத்தான் ஆகல. கடைசியா எப்ப போன் பண்ணினான்?" என்றேன். அவள் குனிந்து நெத்திலியைப் புரட்ட ஆரம்பித்தாள். எனக்கும் அதற்குப் பிறகு நெத்திலி சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உன் பெரியப்பா வண்டியில் ஏணியோடு வந்தான். கூட யுன்சொக். நான் போய்ப் பேனர் கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, தள்ளு. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். இதுல என்ன பொய் இருக்கு? பாஸானானா இல்லையா?"

"ஆனான், ஆனா..."

"அந்த ஆனா பேனர்ல இல்லையேடா."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "யுன்சொக்குக்குப் பொண்ணு பார்க்கிறோம்மா. அவங்க விசாரிக்க வந்தா முதல்ல இந்தப் பேனரைத்தான் பார்ப்பாங்க. இந்தப் பையன் எங்கேன்னு கேட்பாங்க. வம்சத்துல பைத்தியம் இருக்குன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? வாயை மூடிக்கிட்டு இடுப்புன்னு எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல. சொல்லச் சொல்லி அவனை யாரு கேட்டா?"

"கேட்டாங்கடா. காப்பி கொடுத்துக் கேட்டாங்க" என்றேன்.

அவன் ஏறி அறுத்தான். யுன்சொக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்பன் மேலேயிருந்து, வம்சத்தில் பைத்தியம் என்று கத்தும்போதெல்லாம் அந்த ஏணி ஆடியது. காற்று என்று நினைத்தேன். அன்று காற்றே இல்லை.

பெரியப்பா ஊர்த்தலைவரிடம் சமாதானம் சொல்லப் போனபோது யுன்சொக் அடுப்படிக்கு வந்தான். டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தான். அதே பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். "பாட்டி, ஹன்சோல் போடுறதும் இதுதான். நான் நாலு வருஷமாப் போடுறேன்" என்றான். பூசானில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று தேகுவரைக்கும் போகிறானாம். அக்கா வேலை பார்க்கும் அதே ஊர், அவளுக்குக்கூடத் தெரியாது. இன்சூரன்ஸைக் காட்டினால் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று முழுப்பணமும் கையில் கொடுக்கிறான். பதவி உயர்வு வந்த அன்றும் போய் வாங்கினானாம்.

நீ அவனுக்கு மட்டும் ஒரு சேதி அனுப்பியிருக்கிறாய். கிம்ஹே குளிர்க் கிடங்கு வேலைக்கு எழுதிப் போடப் போவதாக, அங்கேயும் இப்போது வைத்தியம் பார்க்கிறாயா என்று கேட்பார்கள் என்பதாக, இல்லை என்று எழுதினால் அது பொய்யாகக்கூடாது என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டதாக. அதைக் காட்டினான். நானே படித்தேன். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு அவ்வளவு எழுத்துக்கூட்டத் தெரியும். "நானும் போடுறேன்னு அவன்கிட்ட சொல்லு பாட்டி, எனக்கு வாய் வரல" என்றான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் டையைக் கட்டிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தான்.

அதனால் சொல்கிறேன். உன் அண்ணனைக் கோழை என்று நினைக்காதே. நான் இரண்டு நாள் நினைத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஒருவன் மாத்திரை தின்பதற்காகப் பொய் சொல்கிறான். இன்னொருவன் பொய் சொல்லக்கூடாது என்று மாத்திரையை விடுகிறான். இரண்டுமே நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள். இவர்களை இப்படி ஆக்கியவர்களுக்கு ஒரு பேனர் கட்ட வேண்டும்.

மிரேயிடம் யார் என்று சொல்லாமல் விசாரித்தேன். "அதைச் சட்டுனு நிறுத்தவே கூடாது பாட்டி, டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று பதறினாள். யாருக்கு என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றேன். பார், நானும் பொய் சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வானம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

உண்மை பேசு, உண்மை பேசு என்று உன்னை அடித்து வளர்த்தேன். இப்போது அதே வாயால் சொல்கிறேன். நம்மிடம் உண்மையைக் கேட்டு வாங்கி, அதாலேயே நம்மை அடிக்கிறவனுக்கு உண்மை கொடுக்க வேண்டிய கடன் உனக்கு இல்லை. கிம்ஹேக்காரன் கேட்டால் இல்லை என்று எழுது. இடுப்பு என்று எழுது. வேண்டுமானால் என் முழங்காலை எழுதிக்கொள், தாராளமாகத் தருகிறேன். எழுதப் பிடிக்கவில்லை என்றால் அந்த வேலையே வேண்டாம், வீட்டுக்கு வா. நெத்திலி உலர்த்த யாரும் பட்டாளத்து வரி கேட்பதில்லை. ஆனால் மாத்திரையைப் போடு. நாளைக்கே அந்த டாக்டரிடம் போய், நிறுத்திவிட்டேன் என்று சொல். உன் உண்மையை அவரிடம் சொல், அவருக்குத்தான் அது உபயோகப்படும்.

பேனரை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது வாசலில் சாலையோரமாக விரித்து மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். உன் பெயர் இருக்கும் பக்கத்தில் மட்டும் மிளகாய் போடவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். பெரியப்பா வந்தால் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறான்.

பெட்டியில் வறுத்த நெத்திலியும், சோயா சாற்றில் ஊறவைத்த இலையும், முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயும் இருக்கிறது. கிம்ச்சியை முதலில் குளிர்ப்பெட்டியில் வை, பக்கத்து அறைக்காரன் மூக்கைப் பிடித்தால் அவனுக்கும் ஒரு கிண்ணம் கொடு. சோறு வடித்துச் சாப்பிடு, வெறும் நூடுல்ஸ் வேண்டாம். முன்னோரைக் கும்பிடும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டேன், மற்றவர்களுக்கு முன்னால். நீ நூறு வயது இரு. யாருக்குப் பிடிக்காவிட்டாலும் இரு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. ஸ்டுடியோவில் முகத்தை மெழுகி, போடாத கோட்டுச் சட்டையைக் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்துக் கொடுக்கிறார்களே, அது எனக்கு வேண்டாம். முடி கலைந்திருக்கட்டும், தாடி இருக்கட்டும், சிரிக்கக்கூட வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும். எடுத்த தேதியைப் பின்னால் உன் கையெழுத்தில் எழுது. மாதம் தவறாமல் ஒன்று அனுப்பு.

தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் இருக்கும்,
பாட்டி ஒக்புன்