காலண்டரில் நீலப் புள்ளிகள்

நங்கை,

இன்று காலை பழைய காலண்டரைக் கழற்றினேன். அதே ஆணியில் தொங்கும் பச்சைக் கண்ணாடி வளையல் சுவரில் தட்டிக் கிணுங்கியது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் இன்னும் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

கல்யாணமாகி நான்கு வருடம் எனக்குக் குழந்தையில்லை. என் வீட்டுக்காரரான உங்கள் தம்பிக்குச் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. எனக்கு மாதவிலக்கு முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. ஆனாலும் யாரோ சொன்ன பதினாலாம் நாளைப் பிடித்துக்கொண்டு, அதற்குத்தான் அவரை ஊருக்கு, பெருமாட்டிக்கு, வரவழைப்பேன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் நான் அழுவேன்.

பிள்ளையில்லை என்று உங்களைப் புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பிய பிறகு, நம் மாடுகள் உங்கள் பொறுப்பில்தான் இருந்தன. அவை பருவத்துக்கு வரும் நாளில் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைப்பீர்கள். ஒருநாள் செவலை மாட்டுக்குக் கண்ணாடி போல ஒழுக்கு இறங்குவதைப் பார்த்து, சினை ஊசிக்காரருக்கு போன் செய்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏம்புள்ள, மாடு காலண்டரப் பாத்தா பருவத்துக்கு வருது? உனக்கும் இப்படித்தான் தெளிவா எறங்கும். அந்த நாளை உட்டுப்போட்டு, பதினாலுன்னு உக்காந்திருக்கறயே!"

"என்னையும் மாட்டோட சேத்துட்டீங்களாங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. ஆனால் ரகசியமாகக் கவனித்தேன். பத்தொன்பதாம் நாள், முட்டை வெள்ளைக்கரு போல வழுக்கலாக, இழுத்தால் அறுகாமல் நீண்டது. அவர் தோட்டத்துக்குத் திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது.

மூன்று மாதம் அந்த நாட்களில் நீலப் புள்ளி வைத்தேன். சித்தூர் டாக்டரம்மா அதைப் பார்த்து, கருமுட்டை வெளியே வரப்போவதற்கு உடம்பு காட்டும் அடையாளம் இதுதான், இந்த நாட்களை விடாதே, ஆனால் இருவரும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள் என்றார். செய்தோம். குறை ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான், நீலப் புள்ளி விழுந்ததும் நீங்கள் போனில் பொய் சொல்ல ஆரம்பித்தீர்கள். "செவலை கன்னு போட முடியாமக் கெடக்குது, ஒடனே வாடா தம்பி!" அவர் பஸ் மாறி மாறி, கோவிந்தாபுரத்தில் இறங்கி ஓடி வந்தால், செவலை நிம்மதியாக வைக்கோல் மென்றுகொண்டிருக்கும். "மாட்டுக்கு ஒண்ணுமில்ல, நாலு நாள் ஊட்டுல இரு" என்பீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். மூன்றாவது பொய்க்கு, உங்கள் வீட்டு மாடு வருடத்துக்கு எத்தனை கன்று போடும் என்று தோட்டத்து மேனேஜர் கேட்டாராம்.

அந்தப் பொய்தான் பலித்தது. விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். "எனக்கு இதையெல்லாம் ஆரும் சொல்லல புள்ள. அந்த மனுசன டெஸ்டுக்கும் ஆரும் கூப்புடல."

வளைகாப்பன்று, பிள்ளை பெறாதவர் வளையல் போடக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். நீங்களாகவே கொட்டகைக்குப் போய்விட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்துச் சந்தனத்தோடு, ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து கையை நீட்டினேன்.

"வேண்டாம் புள்ள, ஏதாச்சும் சொல்லுவாங்க."

"மொத வளையல் நீங்கதான் போடோணுங்க, நங்கை."

சாணிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டீர்கள்.

இன்று புதுக் காலண்டரை மாட்டி, வளையலையும் அதே ஆணியில் போட்டேன். "இது ஆரு வளையலும்மா?" என்று கேட்டாள் மகள்.

"நீ வர்ற நாளை மொதல்ல கண்டுபுடிச்சவங்க போட்டது, கண்ணு" என்றேன்.