உறைபனி வீடு எந்தப் பிரிவு?

ஜனவரி 19, 1988, செவ்வாய்

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்புகையில், ஆளில்லாத அந்தப் பண்ணை வீட்டின் முன் நிறுத்தினேன். உறைபனி. சுவர்ப் பலகை சாம்பல், தரை வெள்ளை, வானமும் வெள்ளை. மாடி ஜன்னலில் கந்தல் திரை ஒன்று மட்டும் வெளிர் நீலம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். படம் கலரில்தான் எடுத்தேன். விரல் விறைத்துப்போயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டில் ஓர்லின் ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான இருபத்தாறு வருடமாக எங்களுக்குள் தீராத சண்டை இது ஒன்றுதான்.

"பாழடைஞ்ச வீட்டுக்குக் கலர் எதுக்கு அர்லிஸ்? காலண்டர் போடப்போறியா?"

"உன் கறுப்பு வெள்ளையில எல்லா வீடும் எழவு வீடா இருக்கு. அங்கேயும் நாலு பேரு சிரிச்சுத்தானே வாழ்ந்திருப்பாங்க?"

ஜூன் 5, ஞாயிறு

பந்தயம் கட்டிவிட்டோம். ஜூலைப் பொருட்காட்சியின் புகைப்படப் போட்டியில் ஆளுக்கொரு படம்; நான் கலர் பிரிவில், அவர் கறுப்பு வெள்ளையில். அதுவரை ஒருவருக்கொருவர் காட்டக்கூடாது. அவரவர் பிரிவில் யாருக்குப் பெரிய பரிசோ அவர் ஜெயித்தார். தோற்றவர் ஒரு வருடம் மற்றவர் வழியில் எடுக்கவேண்டும்.

ஒரு வருடம் கலரே இல்லாமலா? வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஜூலை 14

உறைபனி வீட்டுப் படத்தைக் கொடுத்தாயிற்று. பதிவு மேஜையில் இருந்த டெலோரஸ் தன் ஊறுகாய்ப் பெருமையை அளந்துகொண்டே பெயரும் பிரிவும் சீட்டில் எழுதி, நடுவருக்குப் பெயர் தெரியாமல் மடித்துக் குத்தினாள்.

ஜூலை 15

கலர் பிரிவில் என் படத்தைக் காணவே காணோம். தூக்கிப் போட்டுவிட்டார்களா? தேடிக்கொண்டிருக்கும்போது கறுப்பு வெள்ளைப் பக்கமிருந்து ஓர்லின் குரல்.

"அர்லிஸ், இங்க வந்து பாரு! எனக்கு ரெண்டாவதுதான். ஆனா இந்த மொதல் பரிசு — அடேயப்பா! இதத்தானே இத்தன வருஷமா சொல்றேன். கலர்ல எடுத்திருந்தா கெட்டுக் குட்டிச்சுவராப் போயிருக்கும்!"

என் வீடு. என் உறைபனி. அடிப்பாவி டெலோரஸ், சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் பிரிவை மாற்றி எழுதித் தொலைத்திருக்கிறாள்!

ஓர்லின் சீட்டைப் பிரித்தார். என் பெயர். "நீயா? நீ கறுப்பு வெள்ளையா எடுத்தே?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் முதல் பரிசு நீல ரிப்பனும் எனக்கு, பந்தயமும் எனக்கு. ஆனால் மனுஷன் முகத்தில் அத்தனை சந்தோஷம் — நான் திருந்தி ஞானஸ்நானம் வாங்கிவிட்டேன் என்பது போல. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்ல?

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு மாடி ஜன்னலப் பாரு. திரை என்ன நிறம்?"

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "நீலம்" என்றார்.

நானே போய் டெலோரஸிடம் சொன்னேன். நடுவர் உதட்டைப் பிதுக்கினார். பிரிவு மாறியதால் படம் தள்ளுபடி. ரிப்பன் ஓர்லினுக்கு.

ஜூலை 16

நேற்று அழவில்லை. இன்று பாத்திரம் கழுவும்போது கொஞ்சம்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் பிளாஸ்கில் காப்பியோடு கிளம்பினோம். தெற்கே ஓர் இடிந்த வீடு. பேச்சென்றால் பேச்சுதான்: என் காமிராவில் கறுப்பு வெள்ளை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர்லின் தன் காமிராவில் பிலிம் சுருள் மாட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தால் — கலர்!

"என்ன இது?"

"தோத்தது நீ. ஜெயிச்சவன் இஷ்டத்துக்கு எடுப்பான். உனக்கென்ன?"

உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் கத்தினார். "அர்லிஸ், ஓடி வாயேன்! சமையலறச் செவுரு என்னமா ரோஸு!"

கண்ணால் பார்க்கத் தடையில்லையே. ஓடினேன்.