இரண்டு மணி நேரத்துக்கு அறுபது பக்கம்

அக்டோபர் 9, திங்கள்

இன்று ஒரு பக்கம். வரி பத்தொன்பது. புரிந்தது ஆறு, பாதி புரிந்தது நான்கு, மீதி ஒன்பதும் கிரந்த மகராஜுக்கே வெளிச்சம்.

மகராஜ் என்று நாங்கள் வணங்கும் எங்கள் வேதப் புத்தகத்தின் காலைப் பாடல்களை முப்பது வருஷமாக மனப்பாடமாகச் சொல்லி வருகிறேன். ராஜ்மா வேகும் நேரத்தில் பாராயணம் முடிந்துவிடும். என்ன சொன்னாய் என்று யாராவது கேட்டால், ராஜ்மாவுக்குத் தெரிந்ததுதான் எனக்கும். அதனால்தான் இந்தப் பொருளுரைப் புத்தகம். பொருளுரையும் பஞ்சாபியில். நான் மராட்டி பேசும் நாந்தேடில் பிறந்த சீக்கியப் பெண். இந்தப் பஞ்சாப் வீட்டுக்கு மருமகளாக வந்து பத்தொன்பது வருஷம் ஆகியும் என் பஞ்சாபி நொண்டியடிக்கிறது. எழுத்தே மகளின் ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் கற்றதுதான்.

ஓரகத்தி ராஜ்விந்தர் எட்டிப் பார்த்தாள். "நாந்தேட்காரியே, நான் பஞ்சாபியிலயே அழுதுகிட்டுப் பொறந்தவ. இந்தப் பழைய பாஷை எனக்கே ஒரு வரி புரியல. உனக்கு என்னடி கிழியப் போவுது?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

கடுகெண்ணெய்க் கடைக்காரர் என் பஞ்சாபிக்கு இன்று சிரிக்கவில்லை. முன்னேற்றமா, அவருக்குப் பல்வலியா?

நவம்பர் 16, வியாழன்

மூத்தார் நிர்வைர் சிங் - ராஜ்விந்தர் மகனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. வேண்டுதல்படி வீட்டில் அகண்ட பாராயணம். டிசம்பர் 8, வெள்ளி காலை பத்துக்குத் தொடங்கி, ஆள் மாறி ஆள் மாறி, நாற்பத்தெட்டு மணி நேரம் குரல் நிற்காமல் முழுக் கிரந்தமும். ஞாயிறு பத்துக்கு நிறைவு. பத்தரைக்கு எம்.எல்.ஏ. வருகிறார். நன்றியை மகராஜுக்குச் சொல்வதா, விசா ஏஜெண்டுக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் பக்தி உள்ளவள்.

குருத்வாராவில் கிரந்தம் வாசிக்கும் மெஹங்கா சிங் வந்திருந்தார். கல்யாண மாதம், வாசிப்பவர்கள் எல்லாம் பேண்டு வாத்தியக்காரர்கள் போல முன்பதிவு ஆகிவிட்டார்களாம். ஐந்து பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். ஒரு முறைக்கு, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு, ஆள் குறைகிறது.

"நான் படிக்கிறேன்" என்றேன்.

மூத்தார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வெளையாட்டு இல்ல இது. ஊரு முழுக்க ஒலிபெருக்கி. உன் நாந்தேட் நாக்கு ஒரு எடத்துல தடுக்குனா அறுபடறது என் மூக்கு."

"நாக்கு பரவால்ல, சர்தார்ஜி. பாக்க வேண்டியது கணக்கு" என்றார் மெஹங்கா சிங். "ரெண்டு மணி நேரத்துக்கு அறுபது பக்கம். முடியுமா பீபி?"

முடியும் என்றேன். பொய்.

ஆனால் இத்தனை வருஷமாக இந்த வீட்டுப் பாராயணத்தில் என் இடம் ரொட்டிக் கல்லுக்கு முன்னால்தான். ஒரு தடவையாவது மகராஜுக்கு முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நவம்பர் 20, திங்கள்

குருத்வாராவில் பயிற்சி. இரண்டு மணி நேரத்தில் 34 பக்கம். புரிந்தது நிறைய.

நவம்பர் 27, திங்கள்

47 பக்கம். புரிந்தது அங்கங்கே.

டிசம்பர் 4, திங்கள்

60 பக்கம். புரிந்தது பூஜ்யம்.

மெஹங்கா சிங் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "சபாஷ் பீபி. இப்பத்தான் நீங்க எங்க ஆளு." சனிக்கிழமை இரண்டு முதல் நான்கு வரை எனக்கு என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை. எதுக்குடி அழற? கேட்டது கெடச்சிருச்சுல்ல? ரெண்டு மாசமா ஒவ்வொரு வரியா பொறுக்கினதை ரெண்டு வாரத்துல வித்துட்டு வந்து நிக்கிறியே —

டிசம்பர் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு 834ஆம் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க இருந்தவர்கள் இருவர். ஒருவர் தூங்கினார், மற்றவர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரும் சமையல் பந்தலில். ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில் மாதிரி ஓடினேன். தடுக்கவே இல்லை.

873ஐத் தாண்டியதும் எங்கள் மராட்டிப் பக்கத்து மகான் ஒருவர் பாடியவை வந்தன. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர். நாந்தேட் காய்கறிக்காரியின் பேச்சுச் சாயல் காதில் பட்டது போல் இருந்தது. அதற்குள் வாய் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. பிழையாகப் படித்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது விதி. காதில் ஏறாமல் படித்ததும் பிழைதானே? திரும்பப் படித்தேன். அடுத்த வரியையும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஆள் பேசுகிற வேகத்துக்கு வந்துவிட்டேன்.

மூத்தார் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். பார்த்தேன். பார்த்த பிறகும் மெதுவாகத்தான் படித்தேன். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. பந்தலில் பூரிக்கட்டைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நான்கு மணிக்கு மெஹங்கா சிங் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் அறுபடக்கூடாது என்பதால் அடுத்தவர் நம் வரியிலேயே சேர்ந்துகொண்ட பிறகுதான் நாம் எழ வேண்டும். அவர் சேர்ந்துகொண்டார். என் வேகத்திலேயே. நான் எழுந்து வெளியே வந்த பிறகும் ஒலிபெருக்கியில் அதே வேகம்.

என் கணக்கு: 49. குறைவு: 11.

டிசம்பர் 10, ஞாயிறு

நிறைவு 10.47க்கு. எம்.எல்.ஏ. பத்தரைக்கு வந்து, நின்றபடியே இரண்டு ஜிலேபி சாப்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்.

ஏன் தாமதம் என்று மூத்தார் கேட்டதற்கு மெஹங்கா சிங், "தொண்டை கட்டிக்கிச்சு சர்தார்ஜி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷூவைத் தேடப் போனார். பிறகு என் முறை.

"ஊரு முன்னாடி என்னை ஜிலேபித் தட்டும் கையுமா நிக்க வெச்சுட்டா. இனிமே இந்த வீட்டுப் பாராயணத்துல இவ உக்காரக்கூடாது."

"நல்லாத்தான் படிச்சா, அண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு டீயை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கெடச்ச எடம், ஞாயித்துக்கிழமை போச்சு. நானாத்தான் தொலைச்சேன்.

டிசம்பர் 14, வியாழன்

மூத்தார் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. வீட்டில் நல்ல அமைதி.

டிசம்பர் 19, செவ்வாய்

மத்தியானம் ராஜ்விந்தர் ஒரு கட்டுக் கடுகுக்கீரையோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் அடுப்புக்குப் போகும் கீரையை என் அறையில் ஏன் நறுக்க வேண்டும்? கேட்கவில்லை.

"அன்னைக்கு உன்னால எனக்கு ஏழு ரொட்டி கருகிப் போச்சு" என்றாள்.

"என்னாலயா?"

"பின்ன? நீ படிச்ச பாட்டுல அந்த மகான் பண்டிதரைக் கேலி பண்றாருன்னு எனக்கே புரியுது. கல்லைப் பாக்கறதா, காதைக் குடுக்கறதா? நெசமாவே மகராஜ்ல அப்படி இருக்குதா, இல்ல நீயா சேத்துக்கிட்டியா?"

புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவள் விரல் வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரித்தது தப்போ என்று ஜன்னலைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி என்ன சொல்லுது?"

"மொதல்ல இருந்து படிச்சாத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஆயிரத்து நானூத்து முப்பது. அடிப்பாவி, நாலு வருசம் ஆகுமே."

"ஏன்க்கா, எங்கயாச்சும் போகணுமா?"

அவள் கீரையைத் தள்ளிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் நான்கு வரிக்கு மேல் போக முடியவில்லை. அதில் இரண்டின் பொருளுக்கு என்னோடு சண்டை போட்டாள்.