அவரவர் எழுத்தை அவரவர் பிரிக்கட்டும்

ஜூலை 4, செவ்வாய்

காலையிலிருந்தே சாரல். குடைக் கம்பி ஒன்று முறிந்தது. அச்சாபீசில் காகிதமெல்லாம் நமுத்துக் கிடந்தது.

மாதர் சங்கத்து அம்மா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கூட்டம். ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலியில் பேதம் காட்டக் கூடாதென்று மசோதா கொண்டுவரப் பேச்சாம். அதை விளக்கப் போகிறார்கள். முதலாளி தாளை என்னிடம் நீட்டினார். நானே கோத்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போதே எங்கள் கூலிக் கணக்குதான் மனசில் ஓடியது. சுடலை அண்ணனுக்கு மாசம் அறுபத்தைந்து. எனக்கும் ஞானம்மா அக்காவுக்கும் நாற்பது. மூன்று பேரும் எழுத்துக் கோப்பவர்கள்தான்.

புரூப் கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். "இது நமக்கும் உண்டா மொதலாளி?"

சிரித்தார். "சட்டம் வரட்டும், பாப்போம். சுடலை ஒரு நாளைக்கு நாலு பக்கம் கோக்கான். நீ மூணு. பெறவு எப்படிச் சரிக்குச் சரி கேக்க?"

புரூப்பை வைத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆயிரம் பதில். சனியன், வேண்டும்போது ஒன்றும் வராது.

புளி வாங்க மறந்தாச்சு.

ஜூலை 5, புதன்

ஏன் மூன்று பக்கம்? இன்று கவனித்தேன்.

அச்சடித்து முடிந்த பக்கங்களைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் பெட்டியில் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். பிரிப்பது என்போம். எங்கள் ஆபீசில் அது பெண்கள் வேலை. யார் வைத்த வழக்கமோ. எட்டு மணி முதல் பத்தரை வரை நானும் அக்காவும் மூன்று பேர் பெட்டியையும் நிரப்புகிறோம். முதலில் நிரம்புவது சுடலை அண்ணன் பெட்டி; டீ குடித்துவிட்டு வந்து ஒன்பது மணிக்கே கோக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் இரண்டரை மணி நேரம் யார் கணக்கிலும் இல்லை. ஏழு வருஷம்! மரமண்டை நான்.

மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். நாளை முதல் நம் பெட்டியை மட்டும் பிரிப்போம்.

"ஏட்டி, உள்ளதும் போயிரும்."

பயம் நியாயம்தான். அக்கா வீட்டுக்காரருக்கு இளைப்பு நோய், வேலைக்குப் போவதில்லை. அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அக்கா மிச்சச் சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு ஊறுகாயைச் சப்பிக்கொண்டே, "எனக்கும் அம்பது ஆவப் போவுது. இனி எப்பக் கேக்க? சரிட்டி."

ஜூலை 6, வியாழன்

செய்தாச்சு. எங்கள் பெட்டி மட்டும். ஒன்பதரை மணிக்கெல்லாம் கோக்க ஆரம்பித்துவிட்டோம்.

சுடலை அண்ணன்: "செம்பகம், என் பெட்டி காலியால்லா கெடக்கு?"

"எங்க பெட்டிய நாங்க பிரிச்சாச்சுண்ணே. ஒங்க பெட்டிய நீங்க பிரிங்க."

முகம் கறுத்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கோக்கிறார், பிரித்துப் பழக்கமில்லை. அவசரத்தில் கண்ட எழுத்தைக் கண்ட அறையில் போட்டார். கோக்கும்போது கை தானாகப் போய் எடுக்கும், பெட்டியைப் பார்த்தா எடுப்பார்கள்? சுந்தரபாண்டியபுரத்துக் கல்யாணப் பத்திரிகை புரூப் வந்தது. மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக் குப்பை. சிரிப்பை அடக்க இருமினேன்.

சுடலை அண்ணன் ஒன்றரைப் பக்கம். அக்கா மூன்றரை. நான் நாலு!

முதலாளி: "நாளைக்கும் இந்தக் கூத்துன்னா செங்கோட்டையிலருந்து வேற ஆளக் கொண்டாருவேன்."

அக்காவுக்குப் பயம். எனக்கும்தான். இங்கே எழுதுவதற்கென்ன வெட்கம்.

ஜூலை 7, வெள்ளி

பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்துகொண்டு போனேன். இன்றும் எங்கள் பெட்டி மட்டும்.

பத்து மணிக்குக் கல்யாண வீட்டார் வந்து குதித்தார்கள். ஆடி பிறக்குமுன் முகூர்த்தம், பத்திரிகை எங்கே? முதலாளி என்னைப் பார்த்தார்.

"கோத்துக் குடு செம்பகம்."

"கோக்கேன் மொதலாளி. சம்பளம்?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது சுடலை அண்ணன் வாயைத் திறந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. "மொதலாளி, இவுக ரெண்டு பேரும் பிரிச்சுப் போட்டதுலதான் நான் நாலு பக்கம் கோத்தேன். நேத்துத்தான் எனக்கே தெரியுது. குடுத்துருங்க."

கல்யாணப் பெண்ணின் அப்பா வேறு, "அண்ணாச்சி, ஒங்க பஞ்சாயத்தக் கேக்கவா வந்தோம்?" என்று கத்தினார்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அறுவத்தஞ்சு. ரெண்டு பேருக்கும். ஆனா அவங்கவங்க பெட்டிய அவங்கவங்கதான் பிரிக்கணும், சொல்லிட்டேன்."

அதைத்தானே ஐயா நாங்களும் சொன்னோம்!

ஒரு மணி நேரத்தில் பத்திரிகை தயார். ஒரு பிழை இல்லை. மை துடைக்கிற துணியால் அக்கா கண்ணைத் துடைத்து, கன்னமெல்லாம் கறுப்பு.

ஜெயித்துவிட்டோம். ஆசை தீர இன்னொரு தரம்: ஜெயித்துவிட்டோம்.

ஜூலை 9, ஞாயிறு

அக்காவோடு குற்றாலம். சீசன் கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. கூட்டம் நடக்கிற கொட்டகையில் நடவுக்குப் போகிற பெண்கள், கல் சுமக்கிற பெண்கள். நிறையப் பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு.

சங்கத்து அம்மா நன்றாகப் பேசினார். கடைசியில், மசோதா சட்டமாக வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார். முன்னால் இருந்த ஒருத்தி எழுந்து, "அதுவரைக்கும் நாங்க என்னம்மா செய்ய?" என்று கேட்டாள். அம்மா கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன், தெரியாது.

"எங்க அச்சாபீசுல சரிக்குச் சரி சம்பளம் வெள்ளிக்கெழமையே வந்துட்டு."

கொட்டகை முழுக்கத் திரும்பியது. அவள் கேட்டாள், "எப்படிக்கா?"

வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னேன். பக்கத்திலிருந்து அக்கா என் இடுப்பில் குத்தினாள். "சத்தமாச் சொல்லுட்டி, கடைசி வரைக்கும் கேக்கட்டும்."

சொன்னேன்.