எந்தப் பகுதியின் சரக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. போனில் சொன்னால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அரசாங்கம் பகுதிவாரியாக ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியல் போட்டது உனக்குத் தெரிந்திருக்கும். ஏற்றுமதியில் உங்கள் துறைமுகப் பகுதி முதலிடம், நம் பகுதி கடைசி. இறக்குமதியில் மட்டும் நாம் மேலே. கடல் தாண்டி வரும் இயந்திரமும் களிமண்ணும் எந்த விலாசத்தில் இறங்குகிறதோ அந்தப் பகுதியின் பெயரில் ஏறிவிடும், நாம் இங்கே சுட்டு அனுப்பும் டைல்ஸ் மட்டும் நம் பெயரில் ஏறவே இல்லை. விற்கத் துப்பில்லாமல் வாங்கித் தின்கிற பகுதி என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தப் பட்டியலைக் காட்டியே நமக்கு வரவிருந்த சரக்கு ரயில் பாதையும் உங்கள் பக்கம் போய்விட்டது. ரயில் வந்தால் இரண்டாவது சூளை திறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், நூறு பேருக்கு இனி வேலை இல்லை என்று மறுநாளே ஆலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் மாறும் நேரம், உங்கள் ஊர் எண் பலகையோடு விசில் அண்ணனின் லாரி கேட்டுக்குள் வந்தது. நான் கொடுத்துவிடும் பொட்டலங்களை உன் வீட்டு வாசலில் விசிலடித்துத் தருவாரே, அவரேதான். "எங்க சரக்கைத் தூக்கிட்டுப் போயி உங்க பேர்ல எழுதிக்கிறீங்களாடா" என்று எவனோ கத்தினான். கண்ணாடியை நொறுக்கினார்கள், சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி வயிற்றிலும் முகத்திலும் உதைத்தார்கள், உடைந்த டைல்ஸ் குவியல் பக்கத்திலேயே கிடந்தது, ஆளாளுக்குக் கையில் எடுத்தார்கள். அவர் வாயெல்லாம் ரத்தத்தோடு, "நான் வண்டி ஓட்டுறவன்பா, எனக்கு எழுதவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு துண்டு அவர் இடது கண்ணில் இறங்கியது. ஆலை அலுவலகத்தில் என் மேஜைப் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எறிந்தவன் உன் தம்பி.

வீட்டுக்கு வந்ததும் துடைப்பம் பிய்ந்துபோகும்வரை அவனை அடித்தேன், அவன் தடுக்கவில்லை. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது சொல். சரக்கோடு நாங்கள் கிளார்க்குகள் நிரப்பி அனுப்பும் படிவத்தில் அது எந்தப் பகுதியில் தயாரானது என்று ஒரு கட்டம் உண்டு, அரசாங்கம் பட்டியல் போடுவது அதை வைத்துத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் பகுதி என்று ஒழுங்காகத்தான் எழுதினேன். துறைமுகத்தில் மூன்று நாள் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள், மேனேஜர் எல்லோர் முன்னாலும், "கப்பல் எங்க நிக்குதோ அதையே போட்டுத் தொலைங்கம்மா" என்றார். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம் துறைமுகப் பகுதி என்றே எழுதினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பக்கத்து ஆலை கிளார்க்குகளுக்கும் அப்படியே எழுதச் சொல்லிக் கொடுத்தேன், கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

கேட்டில் இருந்த கேமராவை முதலிலேயே உடைத்துவிட்டதால் போலீஸுக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆலையே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. "ஊரே சேர்ந்து அடிச்சதுக்கு நம்ம பிள்ளை மட்டும் உள்ள போகணுமா" என்கிறார் அப்பா. பெற்ற வயிறு, மூன்று நாள் எனக்கும் அதே நினைப்புதான். நேற்று லாரி ஆபீஸில் விசாரித்தேன், மற்ற கண்ணிலும் பார்வை தங்குமா என்பது உறுதியில்லை என்றார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு அவனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன், என் படிவங்களின் நகலும் பையில் இருக்கிறது. அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை, சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

விசில் அண்ணன் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். நீ போக வேண்டும். பழம் வாங்கிக்கொண்டு போய் நல்ல பெயர் எடுக்காதே. எழுதினது எங்கம்மா, எறிஞ்சது என் தம்பி என்று முதலில் சொல்லிவிடு. திட்டினால் நின்று கேள், போ என்றால் போய்விடு.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறார்களாம், யார் என்று சொல்லாமல் அவர் கையைத் தொட்டுவிடாதே, அடிக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா