ஓடைத் தண்ணீர்

1979 மார்ச், செவ்வாய் இரவு. புதூர்நாடு.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் பொது சுகாதாரம் படிக்க வந்தவள் நான். எங்கள் படிப்புக்கான இந்தக் கிராம முகாமில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சிபாரிசு தருவதாக எங்கள் பேராசிரியர் சார் சொல்லியிருக்கிறார்.

நேற்று நானே அளந்து ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலந்தேன். இன்று காலை போனால் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. பெண்கள் எல்லோரும் குடத்தோடு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாடு இறங்குகிற ஓடை அது. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று மூன்று வாரமாக வீடு வீடாகச் சொல்லி வருகிறேன்.

ராஜம்மாளை வழிமறித்தேன். போன மாதம்தான் அவள் குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்து பிழைத்தது.

"ஏங்க்கா, கிணத்துத் தண்ணி எடுக்கல?"

"மருந்து நாத்தம் அடிக்குது நர்சம்மா. களி கெளறினா களியும் நாறுது. கொழந்த வாயில வெக்க மாட்டேங்குது. நான் இன்னா பண்றதுங்க?"

அவள் முன்னாலேயே கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு குடித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நீங்க படிச்சவங்க, குடிப்பீங்க."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள்.

அறிக்கைத் தாளில் 'கிணறு சுத்தம் செய்யப்பட்டதா' என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது. ஆம் என்று எழுதினேன். பொய்யில்லை, முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் மனம் ஒப்பவில்லை. 'மருந்து கலந்ததிலிருந்து ஊரார் ஓடைத் தண்ணீர் குடிக்கிறார்கள்' என்று ஓரத்தில் சேர்த்தேன்.

'இதை யார் உன்னைக் கேட்டது?' என்பார் சார். யாரும் கேட்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.