அடுப்பு பற்ற வைக்காத உருண்டை

என் ஈரக்குலையே அமுதா,

அம்மா எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று உனக்கே தெரியும். செத்துப்போன பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று படிக்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஒரு காரியமும் முடிந்ததில்லை. இப்போது மட்டும் எப்படி முடியும்?

அளத்தில் உப்பு விளைய ஆரம்பித்துவிட்டது. நீ போனபோது பாத்தியெல்லாம் மழைத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. ஒரு காய்ச்சல், புதுச்சேரி ஆஸ்பத்திரி, திரும்பி வந்தது வேனில். அதற்குள் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது வெள்ளை வெளேரென்று கண் கூசுகிறது. நான் பழையபடி காலையில் டீயைக் குடித்துவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு உப்பு வாரப் போகிறேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் உன் செருப்பு கண்ணில் படுகிறது.

உன் பெண் நன்றாகப் படிக்கிறாள். அதில் குறை இல்லை. ஏழாம் வாய்ப்பாடு வரை தண்ணீர் மாதிரிச் சொல்கிறாள். குறை சாப்பாட்டில்தான். நீ போன பிறகு யாழினியின் ஸ்நாக்ஸ் டப்பா, கொடுத்து விட்டது கொடுத்து விட்டபடி வீடு திரும்பியது. பிஸ்கட் வைத்தேன், கடலை மிட்டாய் வைத்தேன், கூனிமேட்டுக் கடையில் சமோசா வாங்கி வைத்தேன். சாயந்திரம் திறந்தால் சமோசா என்னைப் பார்த்து முழிக்கிறது. கேட்டால், "பசிக்கல ஆயா." மதியச் சோறும் பாதிதான். போட்டிருக்கிற யூனிபார்ம் தோளிலிருந்து நழுவுகிறது.

விஷயம் தாம்பரத்தில் இருக்கிற உன் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. கோமதி நல்லவள்தான், உனக்குத் தெரியும். ஆனால் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "தம்பி, புள்ள எலும்பும் தோலுமா ஆயிட்டு இருக்கா. அந்தம்மா விடிஞ்சா அளத்துக்குப் போயிடறாங்க. அவ அங்க சாப்பிடலன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க என் பசங்களோட பசங்களா வளரட்டும்." உன் வீட்டுக்காரர் சங்கர் 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை, 'சரி' என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைத்தார். துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார்.

உன்னை மண்ணுக்குக் கொடுத்தேன். உன் பிள்ளையைத் தாம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன், சொல்லு?

அப்போதுதான் உன் உருண்டை ஞாபகம் வந்தது. ஆரோவில் பக்கம் அந்தச் சமையல் கூடத்தில் வேலைக்குப் போய் நீ கற்றுக்கொண்டு வந்தது. "அடுப்பே வேணாம்மா, கேஸ் மிச்சம்" என்று சிரிப்பாய். அங்கே ஓட்ஸ் போடுவார்களாம், நீ அவல் போடுவாய். பேரீச்சம்பழம், கடையில் வாங்குகிற வறுத்த வேர்க்கடலை, எள்ளு, தேங்காய்த் துருவல். பிள்ளை டப்பா நிறைய எடுத்துப் போய்க் காலி டப்பாவோடு வருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே, செய்ய வராதா என்று மிக்ஸியை எடுத்தேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் காசியம்மா வந்துவிட்டாள். அவளுக்குத்தான் காது அவ்வளவு நீளமாயிற்றே.

"ஏக்கா, இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள ஊட்டுல பலகாரமா?"

"எது பலகாரம்? எண்ணெய்ச் சட்டி வச்சனா? அடுப்பு பத்த வச்சனா? வேணும்னா வந்து தொட்டுப் பாரு, ஜில்லுன்னு கெடக்குது."

"உருண்டைன்னா பலகாரம்தான். இனிப்புன்னா இனிப்புதான். ஊர்ல நாலு பேரு கேப்பாங்க இல்ல?"

"துக்கத்துக்கு வந்தப்ப என் ஊட்டுல டீ குடிச்சியே, அதுல சக்கரை இருந்துச்சே. அதை ஏன் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்ச?"

"உன் வாய் இருக்குதே, உன்னை எரிச்சாலும் அது வேகாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு கை வேர்க்கடலையை அள்ளிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. செத்த வீட்டில் பலகாரம் சுடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? உனக்காக ஒரு வருஷம் என்ன, ஆயுசுக்கும் வாணலி வைக்க மாட்டேன். ஆனால் இதற்கு வாணலி இல்லையே, நெருப்பு இல்லையே. நெருப்பு இல்லாத தின்பண்டம் ஒன்றை நீ கற்று வைத்துவிட்டுப் போனது எதற்காக? இப்படி ஒரு நாள் வரும் என்றா?

முதல் நாள் கொடுத்தனுப்பினேன். சாயந்திரம் ஸ்கூல் வேன் வந்தது. டப்பாவை வாங்கினேன், கனத்தது.

"ஏண்டி கண்ணு?"

"பிடிக்கல ஆயா."

அந்த வார்த்தையைப் பிள்ளை முகம் கோணாமல் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உப்புத் தண்ணீர் பட்ட புண் மாதிரி எரிந்தது. அதற்கப்புறம் டப்பாவைத் திறந்து பார்க்கவே மனசு வரவில்லை, பிள்ளையே கொட்டிக் கழுவி வைத்தாள். மறுநாள் எள்ளை எடுத்துவிட்டேன். பிடிக்கல. முந்திரி சேர்த்தேன். பிடிக்கல. வெல்லம் தூவினேன், ஏலக்காய் தட்டிப் போட்டேன். அதற்கும் பிடிக்கல. அளத்தில் பலகையைப் போட்டுவிட்டு உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன். என் மேல் பிள்ளைக்கு வெறுப்பா? அம்மா செய்ததை நீ ஏன் செய்கிறாய் என்று கோபமா? உன் இடத்தில் நான் வந்து உட்காரப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாளா? உட்கார முடியுமா அமுதா, அந்த இடத்தில்?

அந்த வாரக் கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. வேனிலிருந்து இறங்கினவளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"இன்னாதான்டி குறை? தித்திப்பு பத்தலையா?"

"தித்திப்பு இருக்குது."

"கடலை சிக்கு வாசனை அடிக்குதா?"

"இல்ல ஆயா."

"அப்புறம் எதுக்குடி பிடிக்கல பிடிக்கலன்னு என் உயிரை எடுக்கற?"

வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்தாள். உள்ளே உருண்டையே இல்லை, எல்லாம் பொடி. அதில் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து, விரலை விரித்துக் காட்டினாள். பொலபொலவென்று கொட்டியது.

"பாரு, பிடிக்கல இல்ல? அம்மா செஞ்சா பிடிக்கும். நீ செஞ்சா பிடிக்கல. வேன் ஆடற ஆட்டத்துல ஸ்கூல் போறதுக்குள்ள உதிர்ந்துடுது. நான் எங்க பெஞ்சுல ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும், அம்மா அப்படித்தான் சொல்லும். பொடியை எப்படி ஆயா குடுக்கறது? 'இன்னாடி, கோழித் தீவனமா'ன்னு கேக்கறாங்க. நான் மூடி வச்சுடறேன்."

"அப்போ உனக்கு... ருசி?"

"ருசி பிடிச்சிருக்குது. உருண்டைதான் பிடிக்கல."

கேட்டாயா உன் மகள் பேச்சை? நான் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன். இத்தனை நாளும் பிடிக்காத உருண்டைக்காகவா என் நெஞ்சு உதிர்ந்தது! இதை உடனே உன்னிடம் சொல்லியாக வேண்டும் என்று கை தானாகப் போனை எடுத்துவிட்டது. உன் நம்பரைப் போட்டுவிட்டேன். மணி அடித்தது அமுதா. எடுத்தார்கள்.

"சொல்லுங்க அத்தை." சங்கர் குரல். உன் போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"ஒண்ணுமில்ல மாப்ள. தெரியாம கை பட்டுடுச்சு."

"பரவால்ல அத்தை. எனக்கும் சில நேரம் அப்படிக் கை படுது" என்றார்.

சிரித்த சிரிப்பு அதோடு போயிற்று.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நான் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் கொட்டப் போனேன். "ஐயய்யோ ஆயா!" என்று கையைத் தட்டினாள். பேரீச்சம்பழத்தை மட்டும் முதலில் அரைக்க வேண்டுமாம், பசை மாதிரி ஆக வேண்டுமாம். கடலையும் அவலும் தனியாக, கொரகொரவென்று. பிறகு தட்டில் கொட்டிக் கையால் பிசைய வேண்டுமாம். இதையெல்லாம் நானும் பார்த்தவள்தானே? பார்த்திருக்கிறேன், ஆனால் தட்டையா பார்த்தேன், உன் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் உள்ளங்கை உப்பில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. மாவு அதில் ஒட்டி ஒட்டி இழுத்தது. பிள்ளை நெய்யைத் தொட்டு என் கையில் தடவிவிட்டாள். வெடிப்பு வெடிப்பாகப் பார்த்துத் தடவினாள். "அம்மா இப்படித்தான் தொட்டுக்கும்" என்றாள். உருட்டினோம், பிடித்தது. தூக்கித் தட்டில் போட்டுப் பார்த்தாள், உடையவில்லை. ஒன்றை வாயில் போட்டு மென்றாள், இன்னொன்றையும் எடுத்தாள். நான் மூச்சு விடாமல் பார்த்தேன். உனக்குப் பால் கொடுத்த காலத்தில் நீ விழுங்குகிறாயா என்று தொண்டையைப் பார்ப்பேனே, அப்படி.

மறுநாள் கோமதி வந்தாள், பெரிய பையோடு. பையில் ஒன்றும் இல்லை. பிள்ளையின் துணிக்காகக் கொண்டு வந்த பை.

"யாழி, அத்தை கூட வர்றியா? அங்க உனக்கு வேணுங்கறதெல்லாம் செஞ்சு தர்றேன்."

பிள்ளை உள்ளே போய் டப்பாவைக் கொண்டு வந்தாள். "ஒண்ணு எடுத்துக்கோங்க அத்தை. நானும் ஆயாவும் பிடிச்சது."

கோமதி தின்று பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நல்லாத்தான் இருக்குதும்மா. நான் உங்களைக் குத்தம் சொல்லல. உங்களுக்கும் வயசாயிடுச்சு. சாப்பிடாத புள்ளையை எப்படி விட்டுட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டதில் தப்பு இல்லையே. சங்கர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்போது உன் மகள் வாயைத் திறந்தாள்.

"ஆயாவும்தான் சாப்பிடறதில்ல அத்தை."

எல்லோரும் திரும்பினோம்.

"டீ மட்டும்தான் குடிக்குது. சோத்தைத் தட்டுல போட்டுக்குது, நாங்க அந்தப் பக்கம் திரும்புனா நாய்க்குப் போட்டுட்டுத் தட்டைக் கழுவி வச்சுடுது. நான் பாத்தேன். சாப்பிடாதவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போறீங்கன்னா ஆயாவையும் கூட்டிட்டுப் போங்க. நான் மட்டும் வந்துட்டா அதை யாரு பாத்துக்கறது?"

கோமதி பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "சாப்பிடுங்கம்மா" என்றாள். பிசைந்தேன். சங்கர் பார்க்கிறார், கோமதி பார்க்கிறாள், பிள்ளை என் கையையே பார்க்கிறது. எல்லோரும் தாயில்லாத பிள்ளை, தாயில்லாத பிள்ளை என்கிறார்கள். நான் பெற்ற பிள்ளை போய்விட்டதே என்று என்னைப் பார்த்து நினைத்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான் அமுதா. முதல் கவளம் இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா?

சாயந்திர பஸ்ஸுக்குக் கோமதி அந்தப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். "லீவுக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றாள். பிள்ளை நம்மிடம்தான் இருக்கிறாள், இருப்பாள்.

இப்போது காலையில் அவள் எனக்கும் ஒரு டப்பா கட்டுகிறாள். அளத்துக்குக் கொண்டு போகிறேன். சாயந்திரம் அவள் டப்பாவை நான் திறந்து பார்க்கிறேன், என் டப்பாவை அவள் திறந்து பார்க்கிறாள். அவளுடையது காலி. இன்று என்னுடையதில் மிச்சம் இருந்தது. பிள்ளை சும்மா என்னைப் பார்த்தாள்.

அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அடைக்கட்டும். தண்ணீரைக் குடித்தாவது இறக்குகிறேன். நாளைக்குக் காலி டப்பாவோடு வருகிறேன், அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உன் பெண் வளர்ந்து ஆளாகிற வரைக்கும் நான் சாப்பிடுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னைப் பெற்றவள், உன் பிள்ளைக்கு ஆயா,
அம்மா